மனநிலை வினவும் செயலியும் தமிழ்ச் சொல்லும்

கல்லூரி மாணாக்கரின் உளநலம் பேணுதற்கெனக் கைப்பேசிச் செயலிகள் பல இந்நாளில் தோன்றியுள்ளன. அவற்றின் பயனை மருத்துவரும் உளநூலாரும் ஆராய்ந்து வருகின்றனர். தமிழ்த்துறையார்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். செயலி முதற்கண் செய்வது வினா எழுப்புதல். வினாவோ சொல்லால் அமைவது. தஞ்சையிலும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையிலும் பயிலும் மாணாக்கன் ஒருவன் அச்சொல்லில் தன் துன்பத்தை அடையாளம் காண்கின்றானா என்பது நம் துறைக்கு உரிய ஆராய்ச்சியே ஆகும்.

இத்தகைய செயலிகளுட் பல கையாளும் அளவுகோல், 2001இல் வெளிவந்த பி.எச்.க்யூ-9 என்னும் வினாப் பட்டியல். கடந்த இரண்டு வாரங்களில் ஒருவர் எவ்வெவ்வாறு துன்புற்றார் என்று ஒன்பது வினாக்களால் அது கேட்கும். விடை ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை மதிப்புப் பெறும், பெருந்தொகை 27. தொகை 10ஐ எட்டின் மருத்துவர் கருத்தூன்றிப் பார்ப்பர். இப்பட்டியலின் இரண்டாம் வினா மனம் தளர்தலைப் பற்றியது. நான்காம் வினா உடலில் வலுவின்றி இருத்தலைப் பற்றியது. இரண்டனையும் 'சோர்வு' என்றே பெயர்த்தால் வருவது யாது? குறுவை நடவுக் காலத்தில் விடுமுறைக்கு ஊர் சென்று, நாற்றுக்கட்டுச் சுமந்து திரும்பிய மாணாக்கன் உடல் நோவையே நினைத்து ஈரிடத்தும் 'ஆம்' என்பான். அவன் மனம் தெளிவாகவே இருக்கலாம். எண் மட்டும் ஏறிவிடும். நான்காம் வினாவிற்கு 'அசதி' என்னும் சொல் படுகை முழுதும் வழங்குகின்றது. அகராதித் தமிழை விட இவ்விடத்து அதுவே தக்கது என்பது எம் கருத்து.

'மன அழுத்தம்' என்னும் தொடர் இன்னும் சிக்கலானது. நெருக்கடியால் வரும் இறுக்கத்தையும், நோயாகிய மனச்சோர்வையும் செய்தித்தாள்கள் இவ்வொரு தொடராலேயே சுட்டுகின்றன. அவ்விரண்டும் வேறு, மருத்துவமும் வேறு. அன்றியும் பேச்சு வழக்கில் 'அழுத்தக்காரன்' எனின் உள்ளத்தில் உள்ளதை வெளிவிடாதவன் என்றே பொருள். "உனக்கு மன அழுத்தம் உண்டா?" என்ற வினா சிற்றூர்ச் செவியில் குற்றச்சாட்டாகவும் ஒலித்தல் கூடும். "மனசு சரியில்லை", "எதிலும் நாட்டமில்லை" என்பனவே மாணாக்கர் தாமாகக் கூறும் மொழிகள். இவ்வழக்குகளை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பாபநாசம் எனப் பகுதி பகுதியாகத் தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணி.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறும்: பிறரால் எளியனாக்கப்படுதல், இழத்தல், பண்டைநிலை கெடுதல், வறுமை. அது கொண்டு தொல்காப்பியர் உளமருத்துவம் உரைத்தார் என்பார் உளர், அது மிகையே. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. வினாப் பட்டியல் துன்பத்தின் நாள்களை எண்ணுகின்றது. மெய்ப்பாட்டியல் துன்பம் பிறக்கும் இடத்தை நோக்குகின்றது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கசாப் புயலில் தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்து போன குடும்பத்து மாணாக்கற்கு இந்நான்கும் ஒருங்கே நேர்ந்திருக்கும். அவனைப் பதினான்கு நாள் உறக்கம் பற்றி மட்டும் கேட்டு நிறுத்துதல் போதாது.

இனி, உரையாடும் செயலிகள். 1966இல் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் வைசன்பாம் அமைத்த 'எலைசா' என்னும் நிரல், கூறியவர் சொல்லையே வினாவாகத் திருப்பிக் கூறிற்று. ஆங்கிலத்தில் மாற்றுப்பெயரை மாற்றினாற் பெரும்பாலும் போதும். தமிழில் வினைமுற்றின் ஈறும் உடன் மாற வேண்டும். மாறும்பொழுது 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? 'நீங்கள்' மதிப்புடையது, ஆயின் அதில் தொலைவும் உண்டு. "என்ன தம்பி, சாப்பிட்டியா?" என்று தொடங்கும் விடுதிக் காப்பாளர்க்கு உள்ள வாயில் செயலிக்கு எளிதில் திறவாது.

2017இல் வெளிவந்த 'வோபாட்' இவ்வகையில் பெயர் பெற்றது. 18 முதல் 28 வயது வரையுள்ள 70 பேரிடம் இரண்டு வாரம் நிகழ்ந்த அதன் முதல் ஆய்வில், மேற்கூறிய பட்டியலின்படி மனச்சோர்வு குறைந்தமை தெரிந்தது. பயன் இல்லை என்று தள்ளுதற்கில்லை. எனினும் அச்செயலி 2025 சூன் 30இல் நிறுத்தப்பட்டது; அதனைத் துணையாகக் கொண்டோர் வேறு துணை தேட நேர்ந்தது.

ஒன்பதாம் வினா உயிரைப் பற்றியது. இறந்துவிடலாம் என்னும் எண்ணம் வந்ததா என்று அது கேட்கும். தேர்வு முடிந்து "செத்தேன்" என்று சிரிப்பவனும் நம் வழக்கில் உண்டு. உள்ளே எரிய "ஒன்றுமில்லை" என்பவனும் உண்டு. குரலும் முகமும் காணாத பொறி இவ்விருவரையும் பிரித்தறியும் என நம்புதல் தகாது. ஆகவே இவ்வினாவிற்கு 0 அல்லாத விடை எதுவாயினும், செயலி கூட்டற் கணக்கோடு நில்லாது அப்பொழுதே ஆள் ஒருவரிடம் கொண்டு சேர்த்தல் வேண்டும். அதற்கு வழியும் உண்டு. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுப் பணியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அதற்குரிய செயலி 2024இல் வந்தது. அவ்வெண்ணில் தமிழிலேயே பேசலாம்.