ஐந்து மாதம் வாழ்ந்த இன்சாட்

நமது ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளில் நின்று தெற்கே நோக்கினால் கொடைக்கானல் மலைத்தொடர் தெரியும். அம்மலை மீது முன்னாளில் அமைக்கப்பட்ட தூரதர்ஷன் கோபுரத்தின் தயவால்தான் இப்பக்கத்துப் பெரியவர்கள் பலர் முதன்முதலாகத் தொலைக்காட்சியைக் கண்டனர். டில்லியில் நடப்பதை நாடெங்கும் உள்ள கோபுரங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை இன்சாட் செயற்கைக்கோள்கள். அந்த வரிசையில் மூத்தவளான இன்சாட்-1ஏ பட்ட பாடு, தோழியரே, சொல்லி மாளாது.

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமியைச் சுற்றிவர ஒரு நாள் ஆகும். பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால், நம் கண்ணுக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். எனவே ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். தொலைக்காட்சி, தொலைபேசி, வானிலைப் படம் ஆகிய மூன்றையும் ஒரே கோளில் வைக்க நம்மவர்கள் திட்டமிட்டனர். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் அதைக் கட்டித் தந்தது. 1982 ஏப்ரல் 10-ஆம் நாள் அது டெல்டா ராக்கெட்டில் ஏறிச் சென்றது.

தொல்லை உடனே தொடங்கியது. மடித்து அனுப்பிய ஆன்டெனா ஒன்று விரிய மறுத்தது. கர்நாடகத்தின் ஹாசன் நகரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் மீண்டும் மீண்டும் முயன்று ஒருவாறு அதை விரித்தனர். ஆனால் 'சூரியப் பாய்' மட்டும் கடைசிவரை விரியவே இல்லை.

பாய் எதற்கு என்று கேட்பீர்கள். மேகங்களைப் படம் பிடிக்கும் கருவி நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். அதற்கு அது இருண்ட, குளிர்ந்த ஆகாயத்தை நோக்கியிருப்பது அவசியம். அந்தப் பக்கம் சூரியத் தகடு இருந்தால் அதன் சூடு கெடுத்துவிடும். ஆகவே தகடுகளை ஒரே பக்கத்தில் பொருத்தினார்கள். சூரிய ஒளிக்கும் மிக மெல்லிய அழுத்தம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அது தள்ளிக்கொண்டே இருந்தால், ஒரு தட்டில் மட்டும் சாமான் வைத்த தராசு போலக் கோள் சாய்ந்துவிடும். மறுதட்டுக்கு வைத்த எடைக்கல்தான் இந்தப் பாய்! அது விரியாததால், சாயும்போதெல்லாம் சிறு பீச்சுகுழாய்களை இயக்கி நிமிர்த்த வேண்டியதாயிற்று. அவற்றுக்கான எரிபொருளோ ஓர் அளவுதான்; அங்கே போய் நிரப்பிவர யாருமில்லை.

இத்தனை ஊனத்தோடும் அது உழைத்ததை எண்ணினால் இரக்கமே வருகிறது. 1982 ஆகஸ்டு 15-இல் தூரதர்ஷன் தேசிய ஒளிபரப்பையும் வண்ணத்தையும் தொடங்கிற்று. சுமார் மூன்று வாரங்களில், செப்டம்பரில், எரிபொருள் தீர்ந்து இன்சாட்-1ஏ கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது ஐந்து மாதமும் நிறையவில்லை. நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி! அதை நாட்டுக்குக் காட்ட அயலாரின் கோளை வாடகைக்கு எடுக்க நேர்ந்தது.

அடுத்தது இன்சாட்-1பி. 1983 ஆகஸ்டு 30-இல் சேலஞ்சர் விண்ஓடம் அதைச் சுமந்து இரவில் கிளம்பியது. விண்ஓடங்கள் இரவில் புறப்பட்டது அதுவே முதல் தடவை. இதிலும் சூரியத் தகடு சரியாக விரியாமல் ஹாசன்காரர்களைத் தூங்கவிடவில்லை. செப்டம்பர் நடுவில் அது விரிந்தபோது எத்தனை பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்! அக்டோபரில் பணி ஏற்ற 1பி, ஏழாண்டுகள் சுமந்தது. ஊர்தோறும் ஒளிபரப்பு நிலையங்கள் பெருகியது இதை நம்பித்தான்.

தங்கைகளுக்கும் சுகமில்லை. 1988-இல் சென்ற 1சி மின்கோளாறால் பாதிப் பலம் இழந்து, அடுத்த ஆண்டே தொலைந்தது. 1டி-யோ புறப்படுமுன்பே அடிபட்டது. 1989-இல் ஏவுதளத்தில் கிரேன் கொக்கி விழுந்து சேதம். பழுதுபார்க்கக் கலிபோர்னியா கொண்டுபோனால், அங்கே அக்டோபரில் நிலநடுக்கம்! ஆயினும் 1990 ஜூன் 12-இல் அது ஏறிற்று; அடுத்த மாதமே 1பி-யின் பொறுப்பை வாங்கிக்கொண்டு நெடுநாள் உழைத்தது.