வாழைப்பூவின் கறையும் தோலின் கறுப்பும்

வாழைப்பூ ஆயத் தெரிந்தவர்களுக்கு, வீட்டிலேயே தோலுக்குக் கறுப்பு ஏற்றும் வித்தையில் பாதிக்கு மேல் தெரியும். ஆய உட்காரும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார்கள். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் அலகும் விரலும் கறுத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு விரலில் ஏறிய கறையை எலுமிச்சை மூடியால் தேய்த்து எடுப்பார்கள். இந்த மூன்று காரியங்களுக்கும் காரணம் தெரிந்துவிட்டால், ஒரு பெல்ட்டையோ பர்சையோ கடைச் சாயம் வாங்காமல் கறுப்பாக்கிவிடலாம்.

முதலில் கறையைப் பார்ப்போம். வாழைப்பூவை எதைக் கொண்டு நறுக்கினாலும் காற்றுப் பட்டு அது கொஞ்சம் பழுப்பாகும். அது வேறு சங்கதி. இரும்பு அலகு பட்ட இடத்தில் வரும் மைக்கறுப்புதான் நமக்கு வேண்டியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தியால் நறுக்கினால் அந்தக் கறுப்பு வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்தாலே தெரியும். பூவின் சாற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. சாற்றின் லேசான புளிப்பு, அலகிலிருந்து துளியூண்டு இரும்பைக் கரைத்து எடுக்கிறது. இரும்பும் டானினும் சேர்ந்து, காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும், நீரில் கரையாத கறுப்புப் பொருளாக மாறுகின்றன. கறுப்பு பூவிலும் இல்லை, அரிவாள்மனையிலும் இல்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் பிறக்கிறது.

இனி தோலுக்கு வருவோம். கடுக்காய்த் தோட்டைக் கொஞ்சம் வாயில் போட்டால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிப்பதுபோல் ஆகும். எச்சிலில் இருக்கும் புரதங்களைக் கடுக்காயில் உள்ள டானின் பிடித்து ஒன்றோடொன்று கட்டிப்போடுவதால் வரும் உணர்ச்சி அது. விலங்கின் தோலும் புரதம்தான்; கொலாஜன் என்ற நார்ப்புரதம். டானின் உள்ள பட்டையின் சாற்றில் தோலை நாள்கணக்கில் ஊறவைத்தால், அதே டானின் கொலாஜன் நார்களுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. பிறகு தோல் அழுகாது; காய்ந்தாலும் கொம்புபோல் விறைக்காது. இதைத்தான் பதனிடுதல் என்கிறோம்.

நம் பக்கத்தில் இதற்குக் கையாண்ட பொருள் ஆவாரம் பட்டை. திருத்தணியைச் சுற்றிய வறண்ட மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரஞ்செடிதான். மதராஸ் மாகாணத்துத் தோல் வியாபாரம் 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பட்டையின் மேல்தான் எழுந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு முறை முக்கி எடுத்த தோல் கப்பலேறி லண்டனுக்குப் போனது. அங்கே சாயமும் மெருகும் ஏற்றினார்கள். ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதற்குத்தான் அந்தக் கடுக்காய் முழுக்கு. 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் பெற்ற இந்தச் சரக்கைத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் ஈ.ஐ. தோல் என்றே சொல்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆக, பட்டையில் பதனிட்ட தோல் உங்கள் கைக்கு வரும்போதே சாயத்தின் ஒரு பாதி அதன் நார்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சேர்க்க வேண்டியது இரும்பு மட்டும். இந்த வழியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஷூ பாலிஷோ பெயிண்டோ தோலின் மேல் ஒரு படலமாக நிற்கும்; உரசினால் போகும், மடங்கினால் வெடிக்கும். இந்தக் கறுப்போ நாருக்குள்ளேயே உண்டாகி, கரையாமல் அங்கேயே தங்கிவிடுவது. வெள்ளை வேட்டியில் உரசினாலும் சும்மா ஒட்டிக்கொள்ளாது, வேலையை ஒழுங்காக முடித்திருந்தால்.

இரும்பைக் கரைத்து எடுக்க நம் ஊர்ப்பக்கத்தில் மூன்று வழி இருக்கிறது. திருத்தணியிலிருந்து வடக்கே நகரி, புத்தூர் தாண்டிப் போனால் ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே கலம்காரி எழுதுகிறவர்கள் இரும்புத் துண்டுகளை வெல்லக் கரைசலில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு ஏற ஏற இரும்பு கரையும். அந்த நீரைத் தொட்டுத்தான் துணியில் கோடு இழுக்கிறார்கள். துணி முன்கூட்டியே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தது. எழுதுகோல் பட்ட இடம் கறுக்கிறது. பருத்தியில் இயல்பாக டானின் இல்லை என்பதால் அவர்கள் கடுக்காயை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. தோலில் அந்த வேலையைப் பதனிட்டவர் முன்பே செய்துவிட்டார்.

இரண்டாவது அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கட்டியாகக் கிடைக்கும் இரும்பு உப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய காலம் ஒன்று இருந்தது. வேலை சீக்கிரம் முடியும் என்றாலும் தோலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அது டானினோடு சேரும்போது கந்தக அமிலம் மிஞ்சுகிறது. அந்த அமிலம் ஆவியாகாது. தோலுக்குள்ளேயே கிடந்து வருஷக்கணக்கில் நாரை அரிக்கும். ஐரோப்பாவில் இதேபோன்ற மையால் எழுதிய பழைய ஏடுகள் பல, எழுத்து இருந்த இடத்தில் காகிதம் இற்று ஓட்டையாகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வினிகர். வீட்டுக்கு இதுதான் சரி. மிஞ்சும் அசெட்டிக் அமிலம் காற்றில் ஆவியாகிப் போய்விடும். அரை லிட்டர் வெள்ளை வினிகருக்கு ஒரு கைப்பிடி பழைய இரும்பு ஆணி போதும். ஆணியைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போடலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது துருப்பிடிக்காத ஸ்டீல், வினிகரில் அசையாது. கண்ணாடி பாட்டிலில் போட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆணியின் மேல் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் வரிசையாக ஒட்டி நின்று, ஒவ்வொன்றாக மேலே வரும். அது ஹைட்ரஜன். தீப்பிடிக்கும் வாயு என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. ஜன்னலோரம் நல்லது. ஒன்றிரண்டு வாரத்தில் குமிழ் அடங்கும். அப்போது நீர் லேசான பச்சை சாயலோடு தெளிவாக இருந்தால் பதம் சரி. செங்காவியாக மாறியிருந்தால் இரும்பு காற்றுப் பட்டு முற்றிவிட்டது என்று அர்த்தம். அது தோலுக்குள் இறங்காமல் மேலேயே படிந்து நிற்கும். தெளிந்த நிலையில் இருக்கும் இரும்பு முதலில் நாருக்குள் நிறமில்லாமல் இறங்கி, அங்கே காற்றைச் சந்தித்த பிறகுதான் கறுக்கிறது. ஆழமான கறுப்புக்கு அந்த வரிசைதான் காரணம். ஆகவே ஒன்றிரண்டு ஆணிகளை எப்போதும் பாட்டிலிலேயே விட்டுவைக்க வேண்டும். உலோக இரும்பு உள்ளே இருக்கும்வரை நீர் எளிதில் முற்றாது.

எல்லாத் தோலிலும் இது பலிக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் பதனீட்டை மதராஸில் முயன்று பார்த்தார். பிறகு வந்த ஒரு குரோம் தோல் ஆலையின் பேரால்தான் குரோம்பேட்டை குரோம்பேட்டையானது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை குரோமில் ஓரிரு நாளில் முடிந்தது. இன்று நாம் போடும் ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் தோல். அதில் டானின் இல்லை. இரும்பு நீரைத் தடவினால் அழுக்குக் கறைதான் மிஞ்சும். ஆந்திரத்து நிம்மலகுண்டாவில் தோல்பாவை செய்பவர்கள் எடுக்கும் ஆட்டுத்தோலும் பட்டையில் பதனிட்டதன்று. சுரண்டி இழுத்துக் காயவைத்த, வெளிச்சம் ஊடுருவும் தோல் அது. அதிலும் இந்த வழி எடுபடாது. சந்தேகம் இருந்தால் தோலின் உட்பக்கத்து மூலையில் ஒரு சொட்டு இரும்பு நீர் விடுங்கள். சில நிமிடத்தில் கறுத்தால் பட்டைத் தோல். வெட்டிய விளிம்பும் சொல்லும்: பட்டைத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும், சாயம் உள்வரை ஏறாத குரோம் தோலின் நடுவே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும்.

இப்போது வேலை. கையில் நல்லெண்ணெய் தடவியவர்களுக்குக் கறை ஏறாதது ஏன்? எண்ணெய் இருக்கும் இடத்தில் நீரில் கரைந்த எதுவும் நுழைய முடியாது. அதே காரணத்தால், தோலில் விரல் பட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் அங்கே சாயம் திட்டாக வெளுத்து நிற்கும். மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். சூடான நீர் வேண்டாம். பச்சைத் தோல் சுமார் 60 டிகிரியிலேயே சுருங்கும். பட்டையில் பதனிட்டது அதைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். கொதிநீர் பட்டால் சுருண்டுபோய் மீளாது.

அடுத்தது கடுக்காய். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் கட்சி. ஆவாரம் பட்டை, வேலம் பட்டை போன்றவற்றின் டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பில் பச்சை சாயல் தட்டும். கடுக்காயின் டானின் வேறு வகை. அது நீலக்கறுப்பைத் தரும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, ஆறிய பிறகு வடிகட்டி, தோலில் இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். கறுப்பின் கனமே மாறிவிடும்.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு, வடிகட்டிய இரும்பு நீரைப் பஞ்சிலோ துணியிலோ தொட்டு ஒரே திசையில் தடவிக்கொண்டே போங்கள். முதல் இழுப்பில் வினிகர் வாடைதான் வரும். தோல் நனைந்ததுபோல் மட்டும் தெரியும். அடுத்த சில நொடிகளில் ஈரச் சாம்பலின் நிறம் பரவும். அது ஊதா கலந்த சாம்பலாகி, ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டு மேலும் மேலும் பூசக் கூடாது. காற்று தன் வேலையை முடிக்க அரைமணி நேரமாவது ஆகும். மிஞ்சிய இரும்பு நாரில் தங்கினால் பின்னாளில் அதுவே தோலை வெடிக்கவைக்கும். வெளுப்பாகத் தெரிந்தால் இன்னொரு பூச்சு. அதற்கு மேல் வேண்டாம். தவறிப்போய் எங்கேனும் தெறித்தால் எலுமிச்சைச் சாறு உதவும். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கழற்றி எடுத்துவிடும். விரல் கறையை எடுத்ததும் அதுதான். அதே காரணத்தால் முடிந்த பெல்ட்டில் எலுமிச்சை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கறுப்பு நின்றதும் புளிப்பைப் போக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து மேலோட்டமாகத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். சோடாவில் ஊறவைக்கக் கூடாது. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, காரம் அதற்கு ஆகாது. திருத்தணி வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். முழுதும் காய்வதற்குச் சற்று முன், இன்னும் லேசாகக் குளிர்ச்சியாக இருக்கும்போதே, விளக்கெண்ணெயை மிக மெல்லிசாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் பனிக்காலத்தில் உறைந்து வெள்ளை பூக்கும். விளக்கெண்ணெய் உறையாது, காய்ந்து பிசினாகவும் ஆகாது. செருப்புத் தைப்பவர்கள் தலைமுறைகளாக அதைக் கையாள்வதில் அர்த்தம் இருக்கிறது. இதற்கு எடுத்த பாத்திரம் எதையும் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சிவப்பு, பச்சை, நீலம் வேண்டுமென்றால் கடையில் விற்கும் ஸ்பிரிட் சாயம்தான் வழி. மஞ்சள் தூள் அழகாக ஏறும். வெயிலில் சில நாளில் போய்விடும்.

கறுப்பைப் பற்றியே இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது இந்தப் பகுதிக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பட்டைப் பதனீட்டின் கழிவு நீரும் ஆற்றுக்கு நல்லதன்று. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீட்டுக் கொல்லையில் ஒருவர் செய்யும் சாய வேலைக்கு வினிகரும் ஆணியும் கடுக்காயும் போதும்போது, என்ன உப்பு கலந்தது என்று தெரியாத பொடியை வாங்கிச் சாக்கடையில் ஊற்ற வேண்டிய அவசியமில்லை.

தோல் வாங்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும். திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியமேடு நடக்கிற தூரம். கடையில் 'ஈ.ஐ. தோல், சாயம் போடாதது, மேலே பூச்சு இல்லாதது' என்று கேளுங்கள். சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். பர்சுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமன் போதும். பெல்ட்டுக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஈர விரலால் மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரத்தை உடனே உறிஞ்சி அந்த இடம் நிறம் அடர்ந்தால் வாங்கலாம். நீர் உருண்டு நின்றால் அதன் மேல் ஏதோ பூசியிருக்கிறார்கள், இரும்பு உள்ளே போகாது.