காற்று அடித்ததா, கடல் எடுத்ததா?

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிய கத்ரீனாச் சூறாவளி ஓய்ந்தபின், மிசிசிப்பி மாநிலத்துக் கடலோரவாசிகள் தத்தம் இல்லங்களை நாடித் திரும்பினர். பலர் அங்கே கண்டது வீட்டையன்று. வீடு நின்ற கொங்கிறீற்றுத் தளத்தையும், எங்கும் ஏறிச் செல்லாத இரண்டு மூன்று படிகளையுமே கண்டனர். 2004 டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின் நமது கிழக்குக் கரையைச் சென்று பார்த்தவர்களுக்கு இக்காட்சியை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மவரிற் பெரும்பாலோரிடம் காப்புறுதிப் பத்திரம் இருக்கவில்லை. மிசிசிப்பிக் கரையிற் பலரிடம் இருந்தது. ஆண்டாண்டாகத் தவணை தவறாது பணமுங் கட்டி வந்தனர். அந்தப் பத்திரத்தை விரித்து வாசித்த நாளிலேதான் அவர்களது துன்பத்தின் இரண்டாம் பாகம் ஆரம்பமாயிற்று.

அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்புறுதி தீ, களவு, காற்று முதலியவற்றால் நேரும் நட்டத்துக்கு ஈடு தரும், வெள்ளத்துக்குத் தராது. கடல் பொங்கி ஊருக்குள் நுழைந்தாலும் காப்புறுதிக்காரரின் அகராதியில் அதுவும் வெள்ளமே. வெள்ளத்துக்கென்று சமஷ்டி அரசாங்கம் 1968ஆம் ஆண்டில் வேறொரு திட்டத்தை ஏற்படுத்தியது. அதன்படி ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு ஆகக்கூடியது 250,000 டொலரும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 100,000 டொலரும் கிடைக்கும். இதில் சேராதவர்கள் பலர்.

ஆகவே வெறுந்தளத்தின் முன்னால் எழுந்த வினா ஒன்றே ஒன்றுதான். கூரையையுஞ் சுவரையுங் காற்று முதலிற் பிய்த்தெறிந்ததா, அல்லது சில இடங்களில் 27 அடிக்கு மேல் எழுந்த கடல் முதலில் வாரிச் சென்றதா? காற்றென்றால் கம்பெனி பணந்தர வேண்டும். கடலென்றால் தர வேண்டியதில்லை. பார்த்திருந்து சாட்சி சொல்லத்தக்கவர்கள் உயிரைக் காத்துக்கொள்ள ஊரைவிட்டு அகன்றிருந்தனர். போதாக்குறைக்கு, காற்றும் வெள்ளமுஞ் சேர்ந்து விளைத்த நட்டத்துக்கு ஈடு கிடையாது என்னும் வாசகமும் பல பத்திரங்களில் இருந்தது.

இவ்வினாவுக்கு விடை எழுத வருபவரை ஆங்கிலத்தில் அட்ஜஸ்டர் என்பர். நட்ட மதிப்பீட்டாளர் என்று நாம் சொல்லலாம். இவர்களில் மூவகையினர் உண்டு. முதல்வர் கம்பெனியில் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர். இரண்டாமவரைச் ‘சுயாதீன மதிப்பீட்டாளர்’ என்று அழைப்பார்கள். பெயரைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. பேரழிவு நேரத்தில் ஆள் போதாமையாற் கம்பெனி கூலி கொடுத்து அமர்த்துபவரே இவர். இவரது சுயாதீனம் எதிலிருந்து என்பதை நாம் இன்னும் அறிந்து கொண்டோமில்லை. மூன்றாமவரே பொது மதிப்பீட்டாளர். இவர் ஒருவரே வீட்டுக்காரர் தம் பக்கம் நின்று பேசுவதற்காகத் தாமே அமர்த்திக்கொள்பவர். பெரும்பாலான மாநிலங்களில் அரசாங்க அனுமதிப் பத்திரமின்றி இத்தொழிலைச் செய்ய முடியாது.

இப்படி ஒருவர் எதற்கு வேண்டும் என்று கேட்பவர்கள் மிசிசிப்பியில் நடந்த ஒரு வழக்கை அறிந்துகொள்வது நன்று. அரசாங்கத்தின் வெள்ளக் காப்புறுதியைப் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளே விற்று, நட்டத்தையும் மதிப்பிட்டு வந்தன. பணமோ அரசாங்கத்தினுடையது. ஒரே கம்பெனி ஒரே வீட்டைப் பார்த்து, இது காற்றின் வேலை என்றால் தன் பெட்டியிலிருந்தும், இது நீரின் வேலை என்றால் அரசாங்கத்தின் பெட்டியிலிருந்தும் பணங்கொடுக்கும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையென்று நம் பாட்டிமார் சொல்லுவது இதைத்தான்.

பிலொக்சி நகரிலே ஒரு வீடு. அதனைப் பார்வையிட்ட பொறியியலாளர் காற்றே காரணமென்று முதலில் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையில், இதற்குப் பணங் கொடுக்க வேண்டாம், இதைப்பற்றிப் பேசவும் வேண்டாம் என்னுங் கருத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டது. பின்னர் வந்த இரண்டாம் அறிக்கை நீரே காரணமென்றது. கம்பெனிக்காக மதிப்பீட்டு வேலை செய்துவந்த சகோதரிகள் இருவர் இதைக் கண்டு, அரசாங்கப் பணம் மோசடியாக வாங்கப்பட்டதென 2006இல் வழக்குத் தொடுத்தனர். 2013இல் ஜூரிமார் அவர்கள் பக்கந் தீர்த்தனர். வெள்ளக் காப்புறுதியாகக் கொடுக்கப்பட்ட 250,000 டொலர் மும்மடங்காக்கப்பட்டு, தண்டமுஞ் சேர்த்து அறவிட உத்தரவாயிற்று. 2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. ஒரு வீட்டின் கதைக்கு முடிவு தெரியப் பதினொரு ஆண்டுகள் சென்றன.

எல்லாக் கம்பெனியும் எல்லா மதிப்பீட்டாளரும் இப்படியென்று நாம் கூறவில்லை. மனச்சாட்சியுடன் அளந்து, கேளாத பொருளையுஞ் சேர்த்தெழுதிய உத்தியோகத்தரும் இருக்கவே செய்வர். ஆனால் வீடிழந்து உறவினர் வீட்டு விறாந்தையிற் படுத்திருக்கும் ஒருவர், நாற்பது பக்கப் பத்திரத்தைத் தாமே வாசித்து, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவருடன் வாதாட முடியுமா?

பொது மதிப்பீட்டாளர் முதலிற் பத்திரத்தை வரிவரியாக வாசிப்பார். பின்னர் தளத்தை அளப்பார். ஆணி பிடுங்கப்பட்ட விதம், அயல் வீட்டுக் கூரை கிடக்குந் திசை, மரங்கள் முறிந்த உயரம், சுவரில் நீர் விட்ட கறை யாவும் அவருக்குச் சாட்சிகள். மீந்த பகுதியைத் தறப்பாளால் மூடச் சொல்லுவார். மேலும் பழுதாகாமற் காப்பது வீட்டுக்காரரின் கடமையென்று பத்திரமே கூறுகின்றது. அதற்கான பற்றுச்சீட்டுகளையும், வெளியே தங்கும் வாடகைச் சீட்டுகளையும் பேணச் சொல்லுவார். வெள்ளக் காப்புறுதியாயின், நட்டக் கணக்கைச் சத்தியஞ் செய்து 60 நாட்களுக்குள் ஒப்படைப்பது விதி; கத்ரீனாவின் பின் அக்கெடுவை அரசாங்கம் நீடித்தது.

தேய்மானம் என்றொரு சங்கதியும் உண்டு. இருபது ஆண்டு உழைக்கும் கூரை பதினைந்து ஆண்டு பழையதாயின், சில பத்திரங்கள் எஞ்சிய காற்பங்கை மாத்திரமே தரும். வேறு சில, புதுக் கூரையின் விலை முழுவதையுந் தரும். ஆனால் கூரையைப் போட்டு முடித்துக் கணக்குக் காட்டும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும். முதற் காசோலையைக் கண்டு, இவ்வளவுதான் என்றெண்ணி மீதியைக் கேளாமல் விட்டுவிடக்கூடிய இடம் இதுவே.

இனிக் கூலி. பொது மதிப்பீட்டாளர் வழக்கமாகக் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு எடுப்பவர். புளோரிடாவில் நூற்றுக்கு இருபதுக்கு மேற் போகக் கூடாது. ஆளுநர் அவசர நிலை பிரகடனஞ் செய்த பேரழிவாயின் முதலாண்டில் நூற்றுக்குப் பத்தே. டெக்சாசிலும் பத்தே எல்லை. லூசியானாவிலோ பங்கு பேசுவதே சட்டவிரோதம். அவர்கள் சொல்வதிலும் நியாயமில்லாமலில்லை. பத்து வீதமென்பது செங்கல்லுக்கும் மரத்துக்கும் போக வேண்டிய பணமல்லவா? புளோரிடாச் சட்டசபையின் ஆய்வுப் பிரிவு 2010இல் வெளியிட்ட அறிக்கையொன்று, இவர்களை அமர்த்தியவர்களுக்குப் பொதுவாகக் கூடிய தொகை கிடைத்ததென்றும், காலமுங் கூடவே சென்றதென்றுங் கூறிற்று. பெரிய நட்டமுடையவர்களே இவர்களை நாடுவர் என்பதையும் வாசகர் கருத்திற் கொள்ள வேண்டும். ஒரு யன்னல் உடைந்ததற்கும் நாலு ஓடு பறந்ததற்கும் இவர்களைத் தேடுவது வீண் செலவென்பதே நம் எண்ணம். காற்றா நீரா என்ற பிணக்கு உள்ள வீட்டில் வேறு கதை. சூறாவளிக்கு மறுநாளே வாசலில் ஒப்பந்தத்தை நீட்டிக் கையொப்பங் கேட்பவரிடம், அனுமதிப் பத்திரத்தை முதலிற் கேட்க வேண்டும்.

இவையெல்லாவற்றிலும் கடினமானது பொருட் பட்டியல். இன்ன பொருள், எத்தனை, எப்போது வாங்கியது, என்ன விலை என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கதிரை, கட்டில், குளிர்சாதனப் பெட்டி என்று இருபது பொருள் எழுதியதும் எவர்க்கும் ஞாபகம் நின்றுவிடும். அப்போது கண்ணை மூடி வாசலிலிருந்து உள்ளே நடந்து வரச் சொல்லுவார்கள். இடக்கைப் பக்கம் என்ன? அந்த அலுமாரியின் மேற்தட்டில் என்ன? சமையலறையிலே இரண்டாவது லாச்சியில்? கரண்டிகளை எண்ணுந் தாய் இடையில் அழுதுவிட்டு மீண்டும் எண்ணத் தொடங்குவாள். சொந்த நிழற்படங்களும் வீட்டோடு போயிருக்குமாதலால், உறவினரிடமிருந்து பழைய படங்களைக் கேட்டு வாங்குவதுண்டு. பிறந்தநாட் படம் ஒன்று தூரத்து ஊரிலிருந்து வந்து சேரும். மெழுகுதிரி ஊதுங் குழந்தையை அன்று எவரும் பார்ப்பதில்லை. அதன் பின்னாலுள்ள சுவரையும், மேசையையும், மூலையிற் பாதி தெரியும் பியானோவையுமே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.