ஹிக்கின்ஸ் பாகவதர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கர்நாடக இசை பயிலும் மாணவர்கள் பலர் உள்ளனர். தமிழ்ப் பாடல்களை அவர்கள் சிறுவயது முதலே வீட்டிலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்திருப்பார்கள். அத்தகைய சூழலே இல்லாத ஒருவர் இவ்விசையைக் கற்றுத் தேற முடியுமா? பல்கலைக்கழகத்தில் பிறருக்குக் கற்பிக்கவும் முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ்.

ஹிக்கின்ஸ் 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோதுதான் கர்நாடக இசை அவருக்கு அறிமுகமானது. பின்னர், புல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்குச் சென்றார். அங்குப் புல்லாங்குழல் கலைஞர் தி. விசுவநாதனிடம் வாய்ப்பாட்டுக் கற்றார். விசுவநாதன், புகழ்பெற்ற வீணைக் கலைஞர் தனம்மாளின் பேரர் ஆவார்.

ஹிக்கின்ஸுக்கு இக்கல்வி எளிதாக அமைந்திருக்க இயலாது. மேற்கத்திய இசையில் ஒவ்வொரு சுரமும் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். கர்நாடக இசையிலோ பல சுரங்கள் அசைந்தும் வளைந்தும் ஒலிக்கும். இந்த அசைவுக்குக் ‘கமகம்’ என்று பெயர். இதனை ஏட்டில் முழுமையாக எழுதிக் காட்ட இயலாது. ஆசிரியர் பாடுவதைக் கூர்ந்து கேட்டு, மீண்டும் மீண்டும் பாடிப் பழக வேண்டும். மேலும், தமிழ், தெலுங்கு, சமற்கிருதம் ஆகிய மொழிகளில் உள்ள பாடல்களைப் பொருள் சிதையாமல் உச்சரிக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் ஹிக்கின்ஸ் இளைஞரான பிறகே கற்கத் தொடங்கினார்.

அவருடைய உழைப்பு வீண்போகவில்லை. திருவையாற்றில் நடைபெறும் தியாகராசர் ஆராதனை விழாவில் பாடி, அவர் பாராட்டுப் பெற்றார். இசைச் சுவைஞர்கள் அவரை ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று அன்புடன் அழைத்தனர். பாகவதர் என்பது இசை வல்லுநர்களுக்கு வழங்கும் மதிப்புப் பெயராகும். விசுவநாதனின் தமக்கையும் நாட்டியக் கலைஞருமான பாலசரசுவதியிடமும் அவர் பயின்றார். பரதநாட்டிய இசையை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டு முனைவர் பட்டமும் பெற்றார்.

தாம் கற்றதைப் பிறருக்கு வழங்குவதையே ஹிக்கின்ஸ் தம் தொழிலாக்கிக் கொண்டார். 1971ஆம் ஆண்டு கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரனுடன் இணைந்து இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். குருவின் முன் அமர்ந்து பயிலும் கலை, இவ்வாறு பல்கலைக்கழக வகுப்பறையிலும் இடம்பெற்றது. பின்பு, 1978ஆம் ஆண்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற்கே பேராசிரியராகத் திரும்பினார். தாம் மாணவராக அமர்ந்து பயின்ற இடத்தில் ஆசிரியராக நின்றார்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சாலையில் நடந்து சென்ற ஹிக்கின்ஸ் வாகனம் மோதி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 45 மட்டுமே. எனினும், அவர் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகளை இன்றும் சுவைஞர்கள் கேட்டு மகிழ்கின்றனர். ஒரு கலையைத் தமதாக்கிக் கொள்ளப் பிறப்போ தாய்மொழியோ தடையாகாது. செவிசாய்க்கும் பொறுமையும் இடைவிடாத பயிற்சியுமே தேவை என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.