அறுந்த இழையை உயிரணு இணைக்கும் முறை

இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றுக்குச் செல்வோர் அமர்ந்து களைப்பாறும் பாறைகளிலும் யுரேனியம், தோரியம் ஆகியவை மிகச் சிறிதளவு உண்டு. அதே மலைத்தொடரின் பாறைகள் தேய்ந்து தென்கோடிக் கடற்கரையில் சேர்ந்த மோனசைட் மணலிலோ தோரியம் மிகுதி. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் கேரளத்துச் சவறாவும் அத்தகைய கரைகள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்வோரின் உயிரணுக்களுக்கு என்ன நேர்கிறது என்னும் வினா இயல்பானதே.

ஓர் உயிரணுவினுள் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. அதன் இரு இழைகளுள் ஒன்று மட்டும் அறுந்தால், எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டும் ஓரிடத்தில் அறுவதே பெருங்கேடு. கதிர்வீச்சு மட்டுமன்று, டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் இடர்களும் அதற்குக் காரணமாகும்.

சுவடி பயின்ற நமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. முறிந்த ஏட்டின் துண்டுகளை அப்படியே ஒட்டலாம். ஓரத்து எழுத்துகள் சில உதிர்ந்துபோகவும் கூடும். உயிரணு பெரும்பாலும் இதையே செய்கிறது. 'கூ' என்னும் புரதம் அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்ள, லைகேஸ் 4 என்னும் நொதி இணைக்கிறது. விரைவான முறை; பிழை நேரவும் இடமுண்டு. மற்றொரு முறை, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் செய்தது போன்றது. வேறு படியை ஒப்புநோக்கி விடுபட்டதை நிரப்புவது. உயிரணு பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வைப் படியெடுத்து வைத்திருக்கும் காலத்திலேயே இது பெரிதும் இயலும். ராட்51 என்னும் புரதம் அறுந்த முனையைப் படியின் உரிய இடத்தில் கொண்டு சேர்க்கும், பி.ஆர்.சி.ஏ.2 அதற்குத் துணை. (ஒப்புமை முழுதும் பொருந்தாது. பதிப்பாசிரியர் பொருளறிந்து தேர்வார். புரதம் எழுத்தை மட்டுமே காணும்.)

சவறாவை அடுத்த கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மணலின் கதிர்வீச்சால் அங்குப் புற்றுநோய் மிகுந்திருக்கக் காணவில்லை. அக்கடற்கரையினரின் இரத்த அணுக்களில் இரட்டை இழை அறுவும் மிகுந்திருக்கவில்லை என 2016இல் மற்றோர் ஆய்வு கண்டது. சிறுகச் சிறுக நேரும் அறுவுகளை உயிரணு அவ்வப்போது சரிசெய்துவிடுகிறது என்பதே நாம் கொள்ளத்தக்க விளக்கம். ஆயினும் கதிர்வீச்சே தீங்கற்றது என எண்ணிவிடலாகாது. பேரளவு ஒருசேரப் பாய்ந்தால் உயிரணுவால் ஈடுகொடுக்க இயலாது. புற்றுநோய்க்கான கதிர் மருத்துவம் இதனையே பயன்கொள்கிறது.

பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதுற்றுப் பிறந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிகுதி. இரத்தச் சோதனையால் அப்பழுதை அறியலாம். நம் வீடுகளில் இந்நோயைப் பற்றி வாய்திறக்கவே தயங்குகிறோம். பேசினாலும் தாய்வழி உறவினரை மட்டுமே வினவுகிறோம். அப்பழுது தந்தை வழியாகவும் மகளுக்கு வரும்.