வலிப்பு மாத்திரையும் கூட்டு மருந்தும்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைக் கடப்பது நம் குடும்பங்களுக்கு அன்றாடச் செயல். வேலை ஒருபுறம், உறவு மறுபுறம், வைத்தியமும் அப்படியே. ஒரு நோய்க்குப் பொள்ளாச்சியிலும் மற்றொன்றுக்குப் பாலக்காட்டிலும் மருந்து வாங்குவது எளிதில் நேரக்கூடியதே. எச்.ஐ.வி. கிருமி உடையவர்க்கு வலிப்பும் வந்துவிட்டால், இவ்வழக்கத்தில் பேரபாயம் ஒன்று இருக்கிறது.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இக்கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தனர். 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. அதைத் தவறாது உண்போர் நெடுங்காலம் வாழ்கின்றனர்.

எதிர்ப்புச் சக்தி குன்றும்போது காசநோய், டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர், கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை முதலியன மூளையையோ அதன் உறையையோ தாக்கும். வலிப்பு அதன் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே முதல் வலிப்புக்கே ஸ்கேன் முதலிய பரிசோதனைகள் வேண்டும். மூல நோயை விட்டு வலிப்பை மட்டும் அடக்குவது, எரியும் வீட்டில் புகையை மட்டும் விசிறுவது போன்றது.

இனி மாத்திரை விஷயம். ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் கல்லீரலைத் தூண்டி, கூட்டு மருந்தை விரைவில் சிதைத்துவிடும். இன்று பலரும் உண்ணும் டொலுடெக்ராவிரும் இதற்கு விலக்கன்று. இரத்தத்தில் மருந்து குறையும், கிருமி பெருகும், பின்னர் அம்மருந்துக்கே அது கட்டுப்படாமற் போகலாம். லெவெடிராசிட்டம் போன்ற மருந்துகளில் இத்தொல்லை இல்லை. அதற்காக எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு மும்முரமாகும். இரு சீட்டுகளையும் இரு டாக்டர்களிடமும் காட்டினால், மருந்தையோ அளவையோ அவர்கள் மாற்றித் தருவார்கள்.

வலிப்பு வந்தவரைத் தொட அஞ்சுவோரும் உளர். வாய்நுரையால், எச்சிலால் இக்கிருமி பரவுவதில்லை. இரத்தம் கசிந்தால் மட்டும் கையுறை அணியலாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனேதும் இல்லை. அதைத் தேடி ஓடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கலாமே! வாயில் எதையும் வைக்கலாகாது. ஐந்து நிமிடங்களில் நிற்காவிடில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

'ஊரார் அறிந்துவிட்டால்?' என்ற அச்சத்தால் ஒரு சீட்டை மறைப்போரும் இருக்கக்கூடும். 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடைசெய்கிறது. சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் அச்சட்டம் ஒன்றே.