ராத்திரி க்ரீம்... பாதி முகத்தில் ஒரு பரிசோதனை!

டி.வி.யைப் போட்டால் வருகிறது. செல்போனைத் திறந்தால் வருகிறது. முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் கண்ணாடி முன் நின்று கவலைப்படுகிறாள். ராத்திரி ஒரு விரல்நுனி க்ரீம் தடவிக்கொண்டு படுக்கிறாள். விடிந்தால் முகம் பளிங்கு! சுருக்கம் போன இடமே தெரியவில்லையாம். இல்லாத சுருக்கம் எப்படிப் போகும் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

விலையைப் பாருங்கள். நான் வாங்கிய டப்பா 50 கிராம், 4,800 ரூபாய். கிராமுக்கு 96 ரூபாய். கிலோ கணக்குப் போட்டால் 96,000! ஒரு ராத்திரிக்கு அரை கிராம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு நாலு டப்பா வேண்டும். பையனின் பள்ளிக்கூட வேன் கட்டணம் அதில் அடங்கிவிடும்.

"சித்த வைத்தியம் பார்க்கிற அம்மாவுக்கு இந்த க்ரீமோடு என்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? என்னிடம் வருகிற பெண்கள் மூட்டுவலி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாவற்றையும் சொல்லி, மருந்துப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி நின்று கேட்கிற கேள்வி இது. "டாக்டரம்மா, ராத்திரி போடுற க்ரீமெல்லாம் நிஜமாவே வேலை செய்யுதா?" பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள். ஒருவர் சொன்னார்: "ஒரு கல்யாண வீட்ல என் தங்கச்சிக்கு நான் அம்மாவான்னு கேட்டுட்டாங்க டாக்டர்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. இதைப் போய், "வயசானா அப்படித்தாம்மா" என்று தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. என் வயதும் 56. என் முகத்திலும் கோடுகள் இருக்கின்றன. போட்டுத்தான் பார்த்துவிடுவோமே என்று என் காசிலேயே ஒரு டப்பா வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகை க்ரீம்களில் பல, உள்ளடக்கத்தில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாதவை.

முதலில் பெட்டியின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். நீங்களும் எந்த க்ரீம் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். எது அதிகமாக இருக்கிறதோ அது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை கடைசியில், எந்த வரிசையிலும் வரலாம். என் டப்பாவில் முதலிடம் தண்ணீருக்கு! அடுத்தது கிளிசரின். பிறகு வழவழப்புக்காகச் சிலிக்கான் சேர்ந்த பொருட்கள், மெழுகு, எண்ணெய்ப் பசைகள். முன்பக்கம் தங்க எழுத்தில் மின்னிய 'ரெட்டினால்', பின்பக்கம் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே 'கொலாஜன்'.

கொலாஜனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோலின் உள்ளடுக்கைத் தாங்கிப் பிடிக்கிற நார்ப்புரதம் அது. கூரைக்கு உத்தரம் மாதிரி. வயது ஏற ஏறக் குறையும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் மிக வேகமாகக் குறையும். அந்தக் காலத்தில், "திடீர்னு வயசாகிப் போச்சு டாக்டர்" என்று பெண்கள் சொல்வது வீண் பிரமை அல்ல. சரி, குறைகிறதை மேலே தடவி நிரப்ப முடியுமா? முடியாது. தோலின் மேலடுக்கு வழியாக நுழையவேண்டுமானால் மூலக்கூறின் எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் இருக்கவேண்டும். கொலாஜன் சுமார் மூன்று லட்சம்! எலி வளைக்குள் யானையை அனுப்புகிற கதைதான். அது மேலேயே நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கும். காலையில் முகம் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும்.

ரெட்டினால் விஷயம் வேறு. இது வைட்டமின் ஏ. எடை 286 டால்டன்தான், உள்ளே போகும். இதன் நெருங்கிய உறவான 'டிரெட்டினாயின்' என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1971-ல் முகப்பருவுக்காக அனுமதி கிடைத்தது. பருவுக்குப் போட்டுக்கொண்டவர்களில் வயதான பெண்கள், தோல் வழவழப்பாகிறது, கோடுகள் மங்குகின்றன என்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தார். (இதே மனிதர் சிறைக்கைதிகளின் உடம்பில் நடத்திய பரிசோதனைகள் பின்னால் பெரிய கண்டனத்துக்கு ஆளாயின. அது ஒரு தனிக் கதை.) மெல்லிய சுருக்கங்களுக்கென்று 1995-ல் இந்த மருந்து அங்கே தனி அனுமதி பெற்றது. ஆகவே வைட்டமின் ஏ வேலை செய்கிறது என்பது கட்டுக்கதை அல்ல. ஆனால் க்ரீமில் இருக்கிற ரெட்டினால் அந்த மருந்தின் சாது தம்பி. தோலுக்குள் போய் இரண்டு படி மாறினபிறகே வேலையைத் தொடங்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டும் போகும். அதை அகல வாய் வைத்த கண்ணாடி டப்பாவில் அடைத்து, தினமும் திறந்து விரலை விடச் சொல்கிறார்களே, அது எனக்கு இன்றுவரை புரியவில்லை!

இனி பரிசோதனை. வலது பாதி முகத்துக்கு 4,800 ரூபாய் க்ரீம். இடது பாதிக்கு மருந்துக்கடையில் 120 ரூபாய்க்குக் கிடைத்த சாதாரண கிளிசரின் மாய்சரைசர். பகலில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சன் ஸ்கிரீன். பன்னிரண்டு வாரம். ஞாயிறுதோறும் அதே ஜன்னல், அதே நேரம், என் மகள் படம் எடுத்தாள்.

முதல் வாரம் நான் அசந்துபோனேன். காலையில் எழுந்து கண்ணாடி பார்த்தால் கண்ணோரக் கோடுகள் தணிந்திருந்தன. வலதில் மட்டுமா? இடதிலும்! காய்ந்த கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் சுருக்கம் விரிந்து உப்பியிருக்கிறதே, அதே சங்கதிதான். மேல்தோல் ஈரத்தைக் குடித்து விரிகிறது, கோடு மறைகிறது. "ஒரே வாரத்தில் பலன்" என்ற விளம்பர வாசகத்தின் ரகசியம் இதுதான். பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதை 120 ரூபாயும் செய்தது.

இரண்டாவது வாரம் வலது கன்னம் எரிந்தது. மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. ரெட்டினாலின் குணம் அது. உடனே தினமும் போடுவதை விட்டு, வாரத்துக்கு இரண்டு ராத்திரி என்று குறைத்துக்கொண்டேன். ஆறாவது வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி. நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களும் கறுப்பு நிறத்துக்காரர்களும் இதில் கவனமாக இருக்கவேண்டும். நம் தோலில் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். ஆனால் எரிச்சல் உண்டான இடமெல்லாம் கரும்படலம் விழுந்துவிடும். சுருக்கத்துக்குப் போட்டு மங்கு வாங்கின கதையாகிவிடக் கூடாது.

பன்னிரண்டாவது வாரம் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வலது கண்ணோரம் பொடிக் கோடுகள் சற்று மங்கியிருந்தன. கன்ன எலும்பு மேல் இருந்த பழுப்புப் புள்ளி கொஞ்சம் வெளுத்திருந்தது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிற ஆழக்கோடு? அசையவில்லை! தாடைத் தொய்வு? அப்படியே. மூன்று பேரிடம், "எந்தப் பக்கம் நல்லாருக்கு?" என்று கேட்டேன். என் தங்கை யோசித்து இடதைக் காட்டினாள். மருந்து கட்டிக்கொடுக்கிற பெண், "வித்தியாசம் தெரியலையேம்மா" என்றாள். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஒருத்தி முகத்தில் பார்த்ததை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. என்றாலும் என் டப்பா எனக்குச் செய்தது இவ்வளவுதான்.

வெயிலே முதல் எதிரி

இத்தனைக்கும் அந்த வித்தியாசத்தில் சன் ஸ்கிரீனின் பங்கு எவ்வளவோ! ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை வருடம் கவனித்து, 2013-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். தினமும் சன் ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், தோன்றினபோது பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படம் எனக்கு மறக்காது. 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். ஜன்னல் பக்கத்து இடது முகம் மட்டும் வரப்பு வரப்பாகச் சுருங்கி, வலது முகம் பத்துப் பதினைந்து வயது இளமையாகத் தெரிகிறது! வெயிலின் புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை, கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். பஸ்ஸில் தினமும் ஒரே ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் யோசித்துப் பாருங்கள். குடையும், எஸ்.பி.எஃப். 30 போட்ட சன் ஸ்கிரீனும் சேர்ந்து ஒரு டப்பா க்ரீமின் விலையில் கால்வாசிகூட ஆகாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும்.

நம் வைத்தியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது சித்த மருத்துவம். திரை என்றால் தோல் சுருக்கம். அதற்குச் சொன்ன காயகற்பம், முகத்துக்கு மட்டும் பூசுகிற சமாசாரம் அல்ல. உணவு, உறக்கம், மூச்சு எல்லாம் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் எங்களுக்கு அப்படித்தான் பாடம் நடத்தினார்கள். எண்ணெய் முழுக்கு தோலின் வறட்சியைப் போக்கும். விழுந்த கோட்டை அழிக்காது. 'மூலிகை நைட் க்ரீம்', 'குங்குமப்பூத் தைலம்' என்று விற்கிறவர்களிடமும் பின்பக்க எழுத்தைக் கேளுங்கள். நல்ல குங்குமப்பூ ஒரு கிராமே சில நூறு ரூபாய் விற்கும்போது, 99 ரூபாய்த் தைலத்தில் அது எங்கிருந்து வரும்? அப்புறம் தயவுசெய்து எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். கொப்புளம் கண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயரில்லாத டப்பா

விலை அதிகமான க்ரீமால் பர்ஸ்தான் இளைக்கும். என்னைப் பயமுறுத்துவது, அதை வாங்க முடியாதவர்கள் தேடிப் போகிற மாற்று. தையல் கடை வைத்திருக்கும் 41 வயதுப் பெண் ஒருவர் வந்தார். பியூட்டி பார்லரில் லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் 300 ரூபாய்க்கு 'நைட் க்ரீம்' கொடுத்திருக்கிறார்கள். "ஒரே வாரத்துல முகம் அப்படி மின்னுச்சு டாக்டர். எல்லாரும் கேட்டாங்க." நாலு மாதத்தில் கன்னம் காகிதம் மாதிரி மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரிய, பூனைமுடி முளைத்துவிட்டது. அடுப்படியில் நிற்க முடியவில்லை. "போட்டா அடங்குது, நிறுத்தினா எரியுது." கேட்டவுடனே தெரிந்தது: ஸ்டீராய்டு. நான் எந்த லேபமும் கொடுக்கவில்லை. நேரே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். தேறுவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. இன்றும் வெயில் பட்டால் சிவக்கிறது.

ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் கட்டுப்பாட்டை இறுக்கியது. பெயரில்லாத டப்பாவை அந்தச் சட்டம் எப்படித் தேடிப் பிடிக்கும்? இன்னொன்று பாதரசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகி, உடம்பு வீங்கி வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் முகவெளுப்பு க்ரீம் பூசிவந்தது தெரிந்தது. முகத்தில் தடவியது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது! தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், உள்ளடக்கம், காலாவதி தேதி இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு வாரத்தில் நிறமே மாறினால் சந்தோஷப்படாதீர்கள், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

"எல்லாம் சரி டாக்டர், நான் ஏற்கெனவே வாங்கிட்டேனே!" என்கிறீர்களா? தூக்கிப் போடவேண்டாம். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும், பால் கொடுக்கிறவர்களும் மட்டும் ரெட்டினால் பக்கமே போகவேண்டாம். மற்றவர்கள் முதலில் காதுக்குப் பின்னால் மூன்று ராத்திரி தடவிப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால், முகம் கழுவி ஈரம் நன்றாகக் காய்ந்தபின் ஒரு பட்டாணி அளவு எடுத்து, இமையையும் உதட்டோரத்தையும் விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு ராத்திரி பூசுங்கள். அதன்மேல் சாதாரண மாய்சரைசர். மறுநாள் சன் ஸ்கிரீன் இல்லாமல் படி இறங்காதீர்கள். டப்பாவை ஜன்னலோரம் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள். பார்லரில் மேலுதட்டுக்கு வேக்ஸிங் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் முடியோடு சேர்ந்து தோலும் உரிந்து வந்துவிடும்.